நாய்ப் பங்கு

துவக்குக்கு இரண்டு.
வலைக்கு ஒன்று.
வந்த ஆளுக்கு ஒவ்வொன்று.
நாய்க்கு ஒன்று, எத்தனை நாய் வந்தாலும்.

எனக்கு ஆள்பங்கு இல்லை.
பொம்பிளை ஒருத்தி வேட்டைக்கு வந்தாள் என்று
கணக்கில் சேர்க்க
கிளிவெட்டியில் எவருக்கும் வாய் வராது.
என் குரலுக்குத்தான் டோறா பாயும்,
அதனால் வரவிட்டார்கள்.
நாயின் பங்கைத் தூக்கிக்கொண்டு போக வந்தவள்,
அவ்வளவுதான்.

டோறா பெட்டை நாய். தவிட்டு நிறம்.
கொட்டியாரக் கடலைக் கிழித்துக்கொண்டு வந்த படகுகளைக் கண்டு
ஒருகாலம் தாழம்பத்தைக்குள் ஒளித்த என் தம்பி
அதன் ஓட்டத்தைப் பார்த்து வைத்த பெயர்.
அவன் இப்போது கட்டாரில் ஏசி பூட்டுகிறான்.
நாய்க்குக் கடல் தெரியாது.

தைக் கடைசி. கதிர் பால் கட்டி முற்றுகிற நாள்.
அல்லை வாய்க்காலுக்கு அங்கால்
கோணாமலையரின் வயலை இரண்டே இரவில்
உழுது போட்டிருந்தது ஒரு தனியன் பன்றி.
லைசன்ஸ் துவக்கு அவர் தோளில்.
தோட்டா நாலு. நாலுக்கும் கையெழுத்து.

நேசராசாவும் தெய்வேந்திரனும்
ஈச்சம்பத்தையின் வாயில் வலை கட்டினார்கள்.
காற்று எங்கள் பக்கம்.
பீடி இல்லை, பேச்சு இல்லை.
தெய்வேந்திரனின் வயிறு மட்டும் ஒருக்கால் கத்தியது,
சிரிப்பை அடக்கியதில் எனக்குக் கண்ணீர் வந்தது.

'ஊய்' என்றேன்.

பத்தை முதலில் அசையவில்லை.
பிறகு முழுப் பத்தையும் எழும்பி நடந்ததுபோல் இருந்தது.
டோறாவின் குரைப்பு இடமாய், வலமாய், அடியில்,
அதன் பின் குரைப்பே இல்லை. கவ்விவிட்டாள்.

பன்றியும் நாயும் ஒன்றாய் வலைக்குள் விழுந்த நேரம்
கோணாமலையர் விசையை இழுத்தார்.
டிக்.
மறு குழல்.
டிக்.
அத்தனை இருட்டுக்குள் அத்தனை சின்னச் சத்தம்.

வலை அறுந்தது. காது அறவில்லை,
காதை அவள் விடவில்லை.
தந்தம் எங்கே போய் வந்தது என்று
அப்போது நான் பார்க்கவில்லை.
நேசராசாவின் கோடரி மூன்று தரம் இறங்கியது.
நாலாவதுக்கு வேலையில்லை.

மோட்டச்சைக்கிள் லைற்றில்
தேக்கிலை விரித்துக் கூறு போட்டார்கள்.
தெய்வேந்திரன் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.
'இது ஆருக்கு?'
'வலைக்கு.'
'இது?'
'துவக்குக்கு.'
துவக்கு மரத்தில் சாய்ந்து கிடந்தது, வாய் திறந்தபடி.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
'இது ஆருக்கு?'
'நாய்க்கு.'

நான் அந்தக் கூறை எடுக்கப் போகவில்லை.
மடியில் அவள் வயிற்றைப் பொத்திப் பிடித்திருந்தேன்,
கைக்குள் சூடாய் ஏதோ வழுக்கியது.
சாராயம் ஊற்றிக் கழுவினேன். சாக்கூசி என்னுடையது,
நூல் நேசராசாவின் வலைநூல்.
பதினொரு தையல்.
ஒவ்வொன்றுக்கும் என் மணிக்கட்டைக் கவ்வினாள்,
பல் பதியாமல்.

விடிய அந்த நூற்கண்டைக் கேட்டு நேசராசா வந்தான்,
வலை பொத்த வேண்டுமாம்.
மிச்சத்தைக் கொடுத்தேன்.
அவன் படலையடியிலேயே குந்தி முடிச்சுப் போடத் தொடங்கினான்,
அடிக்கொருதரம் நாயைப் பார்த்துப் பார்த்து.

எட்டு மணிக்குக் கோணாமலையர்.
வேலியில் ஒரு சொப்பிங் பையைக் கொழுவினார்.
அவருடைய இரண்டில் ஒன்று.
பிறகு மடியிலிருந்து தோட்டாவை எடுத்து
உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.
'பார் பிள்ளை, ஊசி குத்தின அடையாளம் இருக்கு.
நான் இழுத்தனான். அதுதான் வெடிக்கேல்ல.'

அடையாளம் இருந்தது.
மிளகளவு பள்ளம்.

'ஓமண்ணை' என்றேன்.
வேறென்ன சொல்ல?
பையை இறக்கி அடுப்படிக்குக் கொண்டுபோனேன்.
இறைச்சி இறைச்சிதானே.

அவர் சைக்கிளை உதைத்தார்.
டோறா ஒற்றைக் காதைத் தூக்கினாள்.
வால் அசையவில்லை.