நடுக்கோடு

அஞ்சேகாலுக்கு அலாரம்.
காங்கேயத்தில் அந்நேரம்
பருப்புக் களங்கள்தான் முதலில் விழிக்கின்றன.
ஆட்கள் தார்ப்பாயைச் சுருட்டச் சுருட்ட
ராத்திரி முழுக்க அடங்கிக் கிடந்த தேங்காய் வாசம்
எழுந்து என்னோடு நடக்க வரும்.
களத்தைச் சுற்றி ஒரு சுற்று, நானூற்றுப் பத்து எட்டு.
பன்னிரண்டு சுற்று என்பது டாக்டரம்மா கணக்கு.
முடிகிறபோது சென்னிமலைப் பக்கம் வெளுத்திருக்கும்.

நான் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறவன்.
இருபத்தாறு வருஷம்
அடுத்தவர் லாபத்தைக் கூட்டிக் கூட்டி
உட்கார்ந்தே சம்பாதித்தது
வெறும் வயிற்றில் நூற்றி அறுபத்திரண்டு.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன்.
நடுவில் ஒரு கோடு.
இடப்பக்கம் வரவு: நடை, வெந்தயம், கம்மங்கூழ்,
பத்து மணிக்கு விளக்கணைத்தது.
வலப்பக்கம் பற்று.
அதை விவரிக்க வேண்டாம்.
தையும் மாசியும் கணக்கு நேராக நின்றது.
அவை பலாப்பழம் இல்லாத மாசங்கள்.

சித்திரை பிறந்தது.
வெயில் ஏற ஏறப் பருப்பு சீக்கிரம் காயும்.
வானத்தைப் பார்த்து எல்லோரும் திட்டுகிற மாசத்தில்
எங்கள் முதலாளி மட்டும் சிரிப்பார்.
தாராபுரம் ரோட்டில் இமாம்பசந்துக் கூடைகள் இறங்கின.
நுங்குக்காரர் சைக்கிளை நிறுத்தி,
"சக்கரைக்காரங்களுக்கு நுங்கு ஒண்ணும் பண்ணாதுங்" என்றார்.
விற்கிறவர் சொல்லும் வைத்தியம்
என்னமாய் இனிக்கிறது.

சிந்தாமணி பழம் நறுக்குவாள்.
கண்ணாலேயே எடை போட்டு
என் தட்டில் இரண்டு கீற்று.
பிறகு எங்கோ பார்த்தபடி
கொட்டையையும் ஓரமாக வைப்பாள்.
"கொட்டை எந்தப் பக்கம் எழுதறது?"
"அதுல ஒட்டியிருக்கறதெல்லாம்
கணக்குல வராதுங்க."

அப்புறம் கம்பம் நட்டார்கள்.
மாரியம்மன் வாசலில் மூன்று கவட்டு மரம்,
மஞ்சள், வேப்பிலை, தினமும் ராத்திரி கொட்டு.
பத்துக்குப் படுக்க வேண்டியவன்
பத்தரைக்கு ஓரமாக நின்றிருந்தேன்,
கையைக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தோடு.
லோடு இறக்கும் நாச்சிமுத்து பார்த்துவிட்டான்.
"கணக்குப்பிள்ளை, கால் சும்மாதான இருக்குது?"

எனக்கு ஆட்டம் தெரியாது.
முன்னால் போகிறவன் குதிகாலைப் பார்த்து வைத்தேன்.
இரண்டு சுற்றுக்கு மூச்சு இரைத்தது.
ஐந்தாவதில் செருப்பு எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.
எட்டாவதில் அதைப் பற்றிக் கவலையும் இல்லை.
பதினொன்று வரைக்கும் எண்ணினேன்,
பழக்க தோஷம்,
அதற்குமேல் கொட்டு எண்ணிக்கொண்டது.
யாரோ நீட்டிய பானகம், ஒரு டம்ளர். இல்லை, இரண்டு.
வீடு வரும்போது பன்னிரண்டரை.

காலையில் அலாரம் தனக்குத்தானே அடித்து ஓய்ந்தது.
ஏழு மணிக்கு எழுந்து
திருடன்போல விரலைக் குத்தினேன்.
நூற்றிப் பதினெட்டு.
மெஷினைத் தட்டி இன்னொரு விரலைக் குத்தினேன்.
நூற்றி இருபது.

நோட்டை விரித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஆட்டம் வரவா?
கெட்ட தூக்கம் பற்றா?
வெல்லத்தை எங்கே வைப்பது?
சிரித்ததை?
ஒரே தொகை இரண்டு பக்கமும் ஏறினால்
எந்தத் தணிக்கைக்காரனும் விடமாட்டான்.
கடைசியில் பேனாவை நிமிர்த்திப் பிடித்து
கோட்டின் மேலேயே
பொடி எழுத்தில் எழுதினேன்:
கம்பம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
நாலாம் நாள் ஒறம்பரை வந்தார்கள், கூடையோடு.
நூற்றி நாற்பத்தொன்பது.
காரணம் எனக்கும் தெரியும்,
கொட்டைக்கும் தெரியும்.

இன்றைக்கு அஞ்சேகால்.
நாலாவது சுற்று, தண்ணீர்த் தொட்டி தாண்டி
ஆள் இல்லாத வளைவு.
கால் தானாக ஓர் எட்டைப் பின்னால் வைத்து
உடம்பைத் திருப்பியது.
நிமிர்ந்தால்
தார்ப்பாய் முனையைப் பிடித்தபடி நாச்சிமுத்து.
ஒன்றும் சொல்லவில்லை.
தார்ப்பாயை உதறினான்,
இரண்டு தரம் ஓங்கி, ஒரு தரம் மெல்ல,
மறுபடியும் இரண்டு.