பீட்ரூட் பரீட்சை

வூட்ச் நகரத்தில் மூன்றாம் மாடி.
வங்கிக்கும் எனக்கும் சொந்தமான வீடு.
இதுவரை கட்டிய தவணைக்கு
குளியலறை வரை என்னுடையது.

டிராமை டிப்போவில் விட்டுவிட்டுச் சீருடையோடே வருகிறேன்.
ஸெனோன் மண்டியிட்டு லினோலியத்தை உரிக்கிறார்.
அடியில் இன்னொரு லினோலியம்,
அதன் அடியில் செய்தித்தாள், பிறகு
பசை, பசை, பசை.
"மலிவா வாங்கினவங்க எல்லாரும்
இங்கதான் படுத்திருக்காங்க"
என்கிறார், வாயிலிருந்து சிகரெட்டை எடுக்காமல்.

சமையல் மேடைக்கு நான்கு மாதிரித் துண்டுகள்.
காலைப்பனி, பாலைமணல் என்று கடைக்காரப் பையன்
பெயர் சொல்லித்தான் கொடுத்தான்.
ஒவ்வொன்றின்மேலும் ஒரு கரண்டி பீட்ரூட் சூப் ஊற்றி
இரவு வேலைக்குப் போய்விட்டேன்.
விடிந்ததும் துடைத்தால்
காலைப்பனி வெட்கத்தில் சிவந்திருந்தது.
பாலைமணலில் யாரோ முத்தமிட்டுப் போன தடம்.
மூன்றாவதன் ஓரம் உப்பியிருந்தது.
பெயரே இல்லாத சாம்பல் லேமினேட் மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.
விலையிலும் அது கடைசிக்கு முந்தையது.

வினைல் பலகையை டிப்போ சாவியால் கீறினேன்.
கொதிக்கும் கெட்டிலை வைத்து நூறு எண்ணினேன்.
ஓடுகளுக்கு நடுவே எப்பாக்ஸி,
சிமெண்டைவிட இரண்டரை மடங்கு.
"பத்து வருஷத்தால வகுத்துப் பாருங்க."
டிக்கெட்டின் பின்பக்கத்தில் வகுத்தேன்.
மாதம் ஒரு காபிகூட இல்லை.

சுவருக்கு மினுங்காத வண்ணம்தான் அழகு என்கிறாள்
பக்கத்துத் தடத்தில் டிராம் ஓட்டும் யாத்விகா.
அழகுதான்,
முதல் விரல் படும்வரை.

இந்த வீட்டில் குடியிருக்க எனக்குக் கட்டுப்படியாகாது.
நான் இருப்பது டிப்போவுக்குப் பின்னால், வாடகைக்கு.
அங்கே குழாயடி மேடை
நனைந்த ரொட்டிபோல் ஊதிக் கிடக்கிறது.
நான் போனபோதே மெல்ல ஊத ஆரம்பித்திருந்தது.
வீட்டுக்காரர் வரும் நாளில்
அதன்மேல் பெரிய தட்டை வைத்து
ஆப்பிள்களை அடுக்குவேன்.
ஐந்து வருடமாய், தின்பதற்கு அல்லாத ஆப்பிள்கள்.
அவர் ஒன்றை எடுத்துக் கடித்தபடி சொல்வார்:
"முன்பணம் ஞாபகம் இருக்கட்டும்."

முதல் தேதி சொலோமியா வருகிறாள்,
இரண்டு பையன்கள், ஒரு சைக்கிள்.
நேற்று போனில் குரலைத் தாழ்த்தினாள்:
சின்னவன் சுவரில் வரைவான்,
முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லதென்று...

துடைத்தால் போய்விடும் என்றேன்.
மேடை?
அதுவும்.
தரை?
சைக்கிளை உள்ளேயே கொண்டுவரலாம்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
பிறகு ஒரு நாற்காலி நகரும் சத்தம்,
உட்கார்ந்திருப்பாள்.

குளியலறையிலிருந்து ஸெனோன் கத்துகிறார்:
இடுக்குக்கு வெள்ளையா சாம்பலா?
"சாம்பல்."
"யோசிக்கவே இல்லையே?"

ஐந்து வருடம் யோசித்தேன் ஸெனோன்.
கலவை இறுகுவதற்குள் பூசுங்கள்.