வெறும் எடை

மூன்றாவது வேனும் பொய்தான் சொன்னது.
"கூரை ஒழுகாது" என்றார் கோலபிலா தவுக்கை.
மெத்தையைத் தூக்கினேன்.
பலகையில் தேத்தண்ணிக் கறைபோல் ஒரு வட்டம்,
அதற்குள் இன்னொரு வட்டம்,
போன மாத மழை, அதற்கு முந்தைய மழை.

அதற்கு முன்பு பார்த்தது
தம்பின் சந்தைக்கு மீன் சுமந்த வண்டி.
அடுப்பு புதிது, தொட்டி புதிது,
திரைச்சீலையில் பூ வேறு.
உள்ளே ஏறிய கருவாடு இறங்க மறுத்தான்.
பெயருக்கேற்ற பிள்ளை.
வீட்டில் எனக்கும் ஒரு மூக்கு இருக்கிறதே.

எல்லாவற்றுக்கும் முதலில் வந்தது அழகி.
அகலக் கட்டில், கூரையில் சூரியத் தகடு.
வாசற்படி மட்டும் என் முழங்காலுக்கு மேலே.
மைலோவுக்குப் பன்னிரண்டு வயது.
பின்னங்கால்கள் துருப்பிடித்த கீல்கள்.
படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
திரும்பிப் போய்
என் காடியின் நிழலில் படுத்துக்கொண்டாள்.
விலையே கேட்காமல் வந்துவிட்டோம்.

பேருந்தில் ஏற்ற மாட்டார்கள்.
விடுதிக்குப் போன் போட்டால் சிரிக்கிறார்கள்.
குவாந்தானில் தங்கைக்குப் பதினேழாவது மாடி.
"நீ மட்டும் வாயேன்" என்கிறாள் பதினொரு வருஷமாக.
நான் மட்டும் என்றால் அது யார்
என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பகாவ் ஆலையில் எடைப்பாலக் கிராணி நான்.
இருபத்தாறு வருஷம்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறுமையாய்த் திரும்பும், இன்னோர் எண்.
முன்னதில் பின்னதைக் கழித்தால் பழம்.
கழிக்கத் தெரியும் எனக்கு.
ஒரு கணவரையும் இரண்டு தவணைக் கடனையும்
கழித்தவள்தான்.

ரொம்பின் சாலையில் கிடைத்தது நாலாவது.
பழைய வேனெட்.
மழலைப் பள்ளிக்கு ஓடிய வண்டி.
வெள்ளைச் சாயத்தை நகத்தால் கீறினால் மஞ்சள்.
நின்றால் தலை இடிக்கும்,
படுத்தால் கால் கதவைத் தொடும்.
சன்னலோரம் யாரோ பென்சிலால் எழுதிய
சுழி பாதியில் நின்ற ஓர் 'ஆ'.
படி தாழ்வு,
ஐந்து வயதுக் கால்களுக்கென்று செய்தது.
மைலோ அதன்மேல் ஒரு முன்னங்காலை வைத்துவிட்டு
வாலை ஆட்டாமல் யோசித்தாள்.

"நாய் உள்ளே போகுமுன் நான் பார்த்துவிடுகிறேன், காக்"
என்றார் ரோஸ்லி.
நாற்பது நிமிஷம் அடியில் படுத்திருந்தார்.
வெளியே தெரிந்தது இரண்டு செருப்பும் ஒரு பாட்டும்.
"பெல்ட்டு மாற்று. பிரேக்கு மாற்று.
மூன்றாவது கியர் முனகும், முனகட்டும்.
கேமரன் பக்கம் தலை வைக்காதே.
கடல்வரை போகும்."
கை துடைத்து, மோட்டார் சைக்கிள்வரை நடந்து,
அங்கிருந்து நாய்களுக்கு
ஒரு சீட்டி அடித்தார்.

பதினோராயிரம் சொன்னதை
ஒன்பதாயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்குப் புகை இல்லை.
பதிவு அட்டை சொல்வதை நம்பிப் பழகாத கை.
வேனைப் பாலத்தில் ஏற்றிவிட்டு இறங்கி நின்றேன்.
காவலுக்கு இருந்த நேப்பாளி உமேஷ்
கூண்டிலிருந்து எண்ணைக் கத்தினான்.
ஆயிரத்து முந்நூற்று எண்பது.
நான் ஏறினேன்,
ஆயிரத்து நானூற்று நாற்பது.
மைலோ, மூன்று மூச்சு வாங்கி ஏறினாள்,
ஆயிரத்து நானூற்று எண்பது.
கருவாடு தாவினான்.
எண் அசையவில்லை.

உமேஷ் திரையைத் தட்டிப் பார்த்தான்.
"கெட்டுப்போச்சா அக்கா?"
கெடவில்லை.
இருபது இருபதாக மட்டுமே எண்ணத் தெரிந்த பாலம் அது.
இவன் ஏழு கிலோ.
கட்டிலில் என் பாதி இடம் இவனுக்கு.

சீட்டு அடிக்குமுன்
சரக்கு என்ன என்று கேட்டது இயந்திரம்.
குலை, எண்ணெய், கொட்டை, புண்ணாக்கு.
பின்னால் கருவாடு
அந்த அரைகுறை 'ஆ'வை நக்கிக்கொண்டிருந்தான்.
"இதர" என்பதை அழுத்தச் சொன்னேன்.

பெல்ட்டு
வியாழக்கிழமை வருகிறதாம்.