கரிப்பு

புயலன்று கடல் ஏறி இறங்கிய மூன்று மா.
வரப்பை உயர்த்து, ஜிப்சம் தூவு,
தண்ணீர் கட்டு, மூன்றாம் நாள் வடித்துவிடு,
மறுபடி கட்டு என்றார் வேளாண் அலுவலர்.
எத்தனை தடவை என்றேன்.
மண்ணைக் கேள் என்று பைக்கை உதைத்தார்.

அந்த ஆண்டுதான் அடப்பாற்றில்
இடுப்பளவு கலங்கலில்
போதகர் தவசீலன் என்னை அமிழ்த்தினார்.
மேட்டூர் திறந்து எத்தனையோ நாள் கழித்து
தலைஞாயிறுக்கு வந்து சேர்ந்த தண்ணீர்.
எத்தனை படித்துறைச் சோப்பு நுரை,
எத்தனை ஊர் மாட்டைக் குளிப்பாட்டி
கடைமடைக்கு மிஞ்சியது.
இதிலா சுத்தமாவது?
சிரிப்பு வந்தது.
மூக்கில் ஏறிய நீரில் அது
இருமலாகிப்போனது.

சபைப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம்.
பள்ளியில் அந்த இடத்தில்
வாத்தியார் ஒரு சுழி போட்டுவைத்திருந்தார்.
தலைப்பெழுத்து இல்லாததே
இவன் தலையெழுத்து என்றது ஊர்.
போதகர் கொஞ்சம் யோசித்து
'பரலோகத்தில் இருக்கிறார்' என்று எழுதினார்.
செத்துப்போனார் என்றல்லவா படிப்பார்கள் என்றேன்.
சிரித்தார். அடிக்கவில்லை.

முறைத் தண்ணீர் வந்த மூன்றாம் வாரம்
நடுச்சாமத்தில் போய்
ஏசுவடியான் வயலுக்குப் பிரியும் மடையை
வைக்கோலும் சேறும் வைத்து அடைத்தேன்.
என் வயல் கட்டியது.
அவர் நடவு வெடிப்பில் நின்றது.
ஞாயிறன்று இருவரும் ஒரே பெஞ்சில்.
அவர் கால்விரல் இடுக்கில் காய்ந்த சேறு,
என் நகக்கண்ணிலும் அதே சேறு.
அப்பமும் ரசமும் வருமுன்
எழுந்து போய்ச் செருப்பைத் தேடினேன்.

திங்கள்கிழமை, டீக்கடை.
யார் அடைத்தது என்றார்கள் பாசனச் சங்கத்தார்,
தெரிந்துகொண்டேதான்.
"அப்பன் பேர் தெரியாதவன் புத்தி"
ஒருவன் தம்ளருக்குள் பார்த்துச் சொன்னான்.
ஏசுவடியான் இரண்டு டீ சொன்னார்.
ஒன்றை என் பக்கம் தள்ளினார்.
"தம்பிதான் அடைச்சான்.
எங்க வீட்டு விவகாரம், நாங்க பேசிக்கிறோம்."

எங்க வீட்டு.
அதைச் சொல்ல அவர் குரலைத் தாழ்த்தவில்லை.
மடை திருடியவனை, பிடிபட்ட மறுநாளே,
அத்தனை பேர் முன்னால்,
வெட்கமே இல்லாமல்.
டீயில் ஆடை படிந்தது. நான் குடிக்கவில்லை.

பிறகு மண்வெட்டியோடு போனோம்.
சேற்றை நான் அள்ள
அவர் கரையில் நின்று திட்டினார்.
நன்றாகவே திட்டினார்,
கூடப் பிறந்தவன் திட்டுவதுபோல.
அன்று இரவு படுக்கையில், மெதுவாக,
பிதாவே என்று சொல்லிப் பார்த்தேன்.
வாய் கூசவில்லை.

மூன்று போகம் ஆயிற்று.
முடிந்தது என்று நான் நினைத்த இடத்தில்
வரப்போரம் வெள்ளையாய்ப் பூக்கிறது உவர்.
பொய் சொன்ன வாரம் கொஞ்சம் கூடுதலாக.
நான் சலித்துக்கொள்கிறேன்.
கட்டி வடிக்கிறவர் சலிக்கவில்லை.

இன்று காலை ஒரு சிட்டிகை மண்ணை
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கரிக்கிறது.
போன வருஷத்துக்கு இது குறைவு.