கழுத்து உயரம்

விலைப்பட்டியல் வாட்ஸாப்பில் வந்தது:
உட்கார்ந்த நாய் இருபத்திரண்டாயிரம்,
நின்ற நாய் முப்பது,
ஓடுகிற நாய் இந்தக் கட்டையில் வராது சார்,
மரம் நேராகத்தான் வளர்ந்திருக்கிறது.
மெருகெண்ணெய் தனி.

ஃபெஞ்சல் புயல் மஞ்சக்குப்பத்தில் சாய்த்த வேம்புகளில்
எங்களுடையதும் ஒன்று.
மாநகராட்சி ஆட்கள் மூன்றடி விட்டு அறுத்தார்கள்.
பூந்தொட்டி வைக்கலாம் என்றார் அதில் ஒருவர்.
பிஸ்டன் அதற்கு முந்தைய ஆவணியில் போயிருந்தான்.
விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவன் வளர்த்த நாய்க்கு
வேறென்ன பெயர் வரும்.

எஸ்தெல் அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள்.
முள்ளோடை சோதனைச் சாவடியில்
பாட்டில் தேடிச் சாக்கைப் பிரித்தவர்
சங்கிலி ரம்பத்தைப் பார்த்ததும்
போம்மா போ என்றாராம்.
"ரெண்டு பாட்டில் இருந்திருந்தா
அவருக்கு ஈஸியா இருந்திருக்கும்."
சொல்லிக்கொண்டே கட்டையைச் சுற்றி வந்தாள்,
சட்டைக்கு அளவெடுப்பவள் போல நாடாவோடு.

போட்டோ கேட்டாள்.
பன்னிரண்டு வருடத்தில் நூற்று நாற்பது படங்கள்,
எல்லாவற்றிலும் வால் இருக்கும் இடத்தில் புகை.
மடிந்த காது எது?
இடது என்றேன். வலது என்றாள் விசாலி.
அவள் எடுத்தவை செல்ஃபி;
இடத்தை வலமாகத் திருப்பிப் போடும் அந்த போனை
விற்று ஐந்து வருடம்.
தினமும் சோறு வைத்த இரண்டு பேர்
ஒரு காதுக்குச் சாட்சி சொல்ல வராமல் நின்றோம்.
"அப்ப ரெண்டையும் நிமித்திடவா?"
வேண்டாம் என்றோம், ஒரே குரலில்.
அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போனது
அது ஒன்றில்தான்.

முன்பணம் பத்தாயிரம்.

மூன்றாம் நாள் பகலில்
ரம்பம் அலறி, நின்றது.
பற்கள் இரண்டு தெறித்துக் கிடந்தன.
தரையிலிருந்து இரண்டடி உயரத்தில்
மரத்தைச் சுற்றி விரல் நுழையும் பள்ளம்.
அதன் நடுவே உளியால் கொத்தி அவள் எடுத்தது
நான் அடித்த கொக்கி.
ஓ.டி. துறைமுகத்தில்,
உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காததாக
பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது.
மரம் அதை விழுங்கி
மேலே பட்டை போர்த்தியிருந்தது.

பகலில் கட்டிவைப்போம்.
பால்காரரைக் கடித்த பிறகு இரவிலும்.
ஆறடிச் சங்கிலி.
சுற்றுவான், சுற்றச் சுற்றச் சங்கிலி குறையும்,
முகம் மரத்தில் முட்டி நிற்பான்.
வந்த வழியே திரும்பினால் போதும்,
அது தெரியாது அவனுக்கு.
நான் போய்ச் சுற்றி விடுவேன்.
அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

எஸ்தெல் குனிந்து அளந்தாள்.
"கழுத்து இங்கதான் சார் வருது.
சரியா இந்தக் கோட்டுல."
பிறகு, எதையும் குத்திக்காட்டாத குரலில்:
"அப்படியே விட்டா பெல்ட் மாதிரி தெரியும்,
சிவப்பு அடிச்சா நல்லாவே இருக்கும்.
எடுக்கணும்னா சுத்தி அரை அங்குலம் உள்ள போகணும்.
பெரிய நாய், சின்னக் கழுத்துன்னு ஆயிடும்."

சிவப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.
அடுப்பை அணைத்துவிட்டு வந்த விசாலி,
யாரும் கேட்காமலே,
எடுத்துடும்மா என்றாள்.

ரம்பப் பல்லுக்கு எண்ணூற்றைம்பது
தனியாகக் கணக்கில் ஏறியது.

இப்போது கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்,
வேர் இன்னும் மண்ணில்.
பூவா தலையா போட்டு
வலது காதை மடித்துவிட்டுப் போனாள் எஸ்தெல்;
விசாலிக்கு அதில் இன்றுவரை பெருமை.
பால்காரர் பழக்கத்தில்
தள்ளி நின்றே பாக்கெட்டை நீட்டுகிறார்.
"அச்சு அசலா அவனேதான்" என்றார் நேற்று.
"கழுத்து மட்டும் ஏன் இத்தனை ஒல்லி?"

ஆர்டர் கொடுத்தவன் நான்.
செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.
விசாலிதான் சொன்னாள்,
பாலை வாங்கிக்கொண்டே:
"இழுத்துட்டே இருந்தான்ல."