ஒட்டிக்கொண்டவை

இஸ்மிர் கெமரால்ட்டிச் சந்தில்
தோல் கடைக்கும் ஊறுகாய்க் கடைக்கும் நடுவே
இரண்டரை மீட்டர் அகலம் எனக்கு.
படங்களுக்குச் சட்டம் போடுகிறவன்.
'செனிஹா எந்தச் சட்டத்துக்குள்ளும் நிற்கமாட்டாள்'
என்று சிரிப்பார் ஊறுகாய்க்கார ரெம்ஸி.
அவர் சிரிப்பிலும் கொஞ்சம் வினிகர்.

அவள் போய்க்கொண்டே இருக்கிறாள்.
படங்கள் மட்டும்
இரவுப் பேருந்தின் வயிற்றில் படுத்து
என்னிடம் வருகின்றன,
பிளாஸ்டிக் குழாயில் சுருண்டு,
பெரும்பாலும் ஈரம் காயாமல்.
எண்ணெய் வண்ணம் காய வாரக்கணக்கு ஆகும்.
மறுநாள் விடுதி வாடகை
அவ்வளவு பொறுக்காது.

ராணுவச் சேவைக்காக ஒரு முறை
இந்த ஊரைத் தாண்டினேன், அவ்வளவுதான்.
மற்றத் துருக்கி முழுவதும்
குழாய் குழாயாக வந்து சேர்ந்தது.

துஸ் ஏரி வந்தபோது
மூலையில் நிஜமான உப்பு,
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
சிவாஸ் மேய்ச்சல் நிலத்தில்
ஒரு கற்றை ஆட்டு ரோமம்.
ரிஸேயின் மலைச்சரிவு முழுக்க
அம்மைத் தழும்பு போல மழை.
மார்தின் படத்தை விரித்தால்
மேசையெல்லாம் மஞ்சள் கல்தூசி,
அன்று மதியம் என் ரொட்டியிலும்.

அய்வாலிக்கில் படகுகளுக்குப் பெயர் எழுதிச் சாப்பிட்டாள்.
கார்ஸில் பால்கட்டிக் கடைக்குப் பலகை எழுதினாள்,
கூலியாக ஒரு முழுச் சக்கரம் கொடுத்தார்கள்.
அதில் பாதி
பதினோரு சட்டங்களின் கடனுக்காக
எனக்கு வந்தது.
கடன் குறையவில்லை. நான் பெருத்தேன்.

வான் ஏரிப் படத்தில்
நீலத்தின் நட்டநடுவே ஒரு கொசு.
நல்லது செய்வதாக நினைத்து
இடுக்கியால் எடுத்தேன்,
குழியை நீலத்தால் மெழுகினேன்.
மார்ச்சில் அவள் வந்தாள்,
பையைக்கூட இறக்காமல் கேட்டாள்:
'கொசு எங்கே?'
'எந்தக் கொசு?'
'என்னைக் கடித்துவிட்டுப் போய் அங்கே விழுந்தது.
அந்த ஏரியில் நான் வைத்த சிவப்பு
அது ஒன்றுதான்.'
தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.
குடிக்காமலே போய்விட்டாள்.

இதை ரெம்ஸியிடம்கூடச் சொன்னதில்லை.
அன்றிரவு கடையை உள்பக்கம் பூட்டிக்கொண்டு
விளக்கடியில் கையை நீட்டி உட்கார்ந்தேன்.
பதினொன்றரைக்கு ஒன்று வந்தது.
அது குடித்து முடிக்கும் வரை
அசையவில்லை.
பிறகு ஒரு துளிப் பசை.

ஓர் அங்காரா பல் மருத்துவர் வாங்கினார்.
'இது என்ன?' என்றார்.
'வான் ஏரிக் கொசு' என்றேன்.
பெருமையாக எடுத்துப் போனார்.
அவர் காத்திருப்பு அறையில்,
வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரே,
நான் பார்க்காத ஏரியில்
என் ரத்தம் இருக்கிறது.

போன இலையுதிர் காலத்தில்
கார்ஸிலிருந்து ஒரு குழாய்.
விரித்தால், என் கடை.
நினைவிலிருந்து போட்டிருக்கிறாள், தப்பும் தவறுமாக:
கதவு இடப்பக்கம்,
ரெம்ஸியின் ஜாடிகள் என் அலமாரியில்,
நான் நிற்கவேண்டிய இடத்தில்
பசைப் பானை ஒன்று,
லேசாக ஆவி விட்டுக்கொண்டு.

அதன் ஓரத்தில், பழுப்பு வண்ணத்தில் புதைந்து
கொஞ்சம் மரத்தூள்.
இங்கிருந்து துணி நூலோடு
பனிவரைக்கும் போய்த் திரும்பிய
என் தூளா,
இல்லை, அவள் தங்கிய வீட்டருகே
எவனோ ஒரு தச்சனின் தூளா?
நகத்தால் சுரண்டப் போனேன்.
நகத்தை மடக்கிக்கொண்டேன்.

வால்நட் மரத்தில் அறுத்தேன்.
ஒரு விரல் குறைந்தது.
மறுபடி அளந்தேன், மறுபடி அறுத்தேன்.
முப்பத்தோரு வருடக் கை இது.
நான்காவது முறையும்
ஒரு விரல் குறைகிறது.