இரண்டாவது சட்டை

ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரம்.
ஆட்கள் போய்விட்டார்கள்,
அவர்களுடைய வியர்வை மட்டும் என்னிடம் இருக்கிறது.
நாற்பத்தாறு பேரின் சட்டைகளைப் பிரித்துப் போடுகிறேன்.
புல்கறை ஒரு தொட்டி. ரத்தம் ஒரு தொட்டி.
வெறும் சேறு என்றால் மூன்றாவது.

பதினொன்றாம் எண்ணில் மட்டும் இரண்டு சட்டைகள்.

முதல் சட்டை நான்கு கால்பகுதியும் உழைத்தது.
தோளில் கிழிசல்,
விலாவில் எவனோ ஒருவனின் பூட்ஸ் ஆணி,
கடைசி நிமிடம் கணக்கைச் சமன்செய்த அந்த எறிதலுக்குப் பிறகு
அவன் விழுந்துகிடந்த இடத்தின் பனிச்சேறு.
இருபதுக்கு இருபது.
கூடுதல் நேரத்துக்கென்று
நான்தான் ஓடிப்போய்ப் புதியதை மாட்டிவிட்டேன்.
குழந்தைபோலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான் எமெட் ஸ்ட்ராதர்.
"சூடா இருக்கே, டொரோட்டா."
உலர்த்தியிலிருந்து எடுத்த கையோடு கொண்டுவந்திருந்தேன்.

பிறகு, பூவா தலையா.

"தலை" என்றான் ஃபாலேஃபா.
நூற்றைம்பது கிலோ உடம்புக்குள்ளிருந்து
ஒரு சின்னக் குரல்.
நாணயம் பனிக்குள் புதைந்தது.
நடுவர் குனிந்து, விரலால் பனியை விலக்கி,
எதிரணியைப் பார்த்தார்.

ஏழு நகர்வு. நாற்பத்தொரு கஜம்.
ஏரிக்காற்று ஒரு கணம் மூச்சை அடக்கியபோது
ஒரே ஒரு உதை.
கம்பங்களுக்கு நடுவே பந்து போனது,
ஒரு வருஷமும் போனது.
சடன் டெத் என்று சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்.
எமெட் கோட்டுக்கு வெளியே நின்றான்,
தாடைப்பட்டை மாட்டியபடியே,
யாரோ இப்போது கூப்பிடுவார்கள் என்பதுபோல.

"தடுப்பதும் ஆட்டம்தான்" என்கிறார் லாரி ஓட்டும் ராய்ஸ்.
"தடுத்திருக்க வேண்டியதுதானே?"
ஐம்பத்துநான்காம் எண்ணை நீரில் முக்கும்போது
கழுத்துவரை சேறு.
ஆமாம், தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.
ஆனால் அந்தப் பக்கத்துத் தடுப்பாளர்கள்
குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லையே, ராய்ஸ்.
அவர்களும் அல்லவா தடுத்துக் காட்டியிருக்க வேண்டும்?
முந்தியவனுக்கே பந்தி முழுவதும்,
பிந்தியவனுக்கு இலைகூடப் போடவில்லை.

என் இரண்டு பெண்களும் கேக்குக்காக அடித்துக்கொள்வார்கள்.
ஒருத்தி வெட்டு, மற்றவள் எடு என்று விட்டுவிட்டேன்.
வெட்டுகிறவள் கத்தியை வைத்துக்கொண்டு
எவ்வளவு நேரம் அளப்பாள் தெரியுமா!
அதுபோலப் பந்தை எந்தக் கோட்டில் வைப்பதென்று
ஒரு அணி சொல்லட்டும்.
ஆடுவதா தடுப்பதா என்று மற்றது சொல்லட்டும்.
ராய்ஸ் சிரிக்கிறார்:
"அதுக்குள்ள டிவிக்காரன் செய்திக்குப் போயிடுவான்."

ஃபாலேஃபா கிளம்பும்போது
என்னிடம்கூட மன்னிப்புக் கேட்டான்.
பூ என்று சொல்லியிருக்கலாமாம்.

மிச்சம் இந்த இரண்டாவது சட்டை.
புல் இல்லை, ரத்தம் இல்லை, சேறு இல்லை.
இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை.
அப்படியே அலமாரியில் வைத்துவிடலாம் என்று எடுத்தேன்.
அக்குள் இரண்டும் சொதசொதவென்று ஈரம்.
பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரியில்
நின்ற இடத்தில் நின்றே
ஒரு மனிதன் இவ்வளவு வியர்த்திருக்கிறான்.

கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
மூன்று தொட்டிகளில் எதில் போடுவது இதை?